செயின்ட் லூசியா மணற்குன்றுகள்: ‘தோண்ட வேண்டாம்’ என்ற முடிவு எப்படி வந்தது, எப்படி நிலைத்தது

டர்பனிலிருந்து வடக்கே என்2 நெடுஞ்சாலையில் காரில் இரண்டரை மணி நேரம் போனால் ம்டுபாட்டூபா வரும். அங்கே கிழக்கே திரும்பினால் செயின்ட் லூசியா. டொங்காட், ஸ்டேங்கர், சாட்ஸ்வர்த் பக்கத்துத் தமிழர்கள் பலருக்கு அது தூண்டிலும் கூடாரமும் எடுத்துக்கொண்டு போகிற ஊர், பிள்ளைகளுக்கு நீர்யானை காட்டக் கூட்டிப்போகிற ஊர். அந்த ஏரிக்கும் இந்தியப் பெருங்கடலுக்கும் நடுவே காடு போர்த்திய மணற்குன்றுகள் நிற்கின்றன. அவற்றைத் தாதுவுக்காகத் தோண்டுவதா, விடுவதா என்ற கேள்வி 1989இல் எழுந்து 1996இல் முடிந்தது.

முழுதாக ஆராய்ந்து, பொதுவில் விசாரித்து, ‘தோண்ட வேண்டாம்’ என்று முடிவெடுத்து, அந்த முடிவு ஆட்சி மாறியும் குலையாமல் நின்ற வழக்குகள் தென்னாப்பிரிக்காவில் மிகக் குறைவு. அதனால்தான் இதைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. சூழல் ஆர்வலர்கள் இதைத் தங்கள் வெற்றி என்கிறார்கள், அது பாதி உண்மை. நிறுவனமும் சூழல் அமைப்புகளும் மேசைக்கு எதிரெதிரே உட்கார்ந்திருந்தபோது, அந்த நிலத்திலிருந்து வெளியேற்றப்பட்ட மக்கள் அறைக்கு வெளியே நின்றார்கள். அவர்கள் கணக்கைத் தீர்க்கத் தனியாக ஒரு சுற்று தேவைப்பட்டது.

மணலில் என்ன இருக்கிறது, எப்படி எடுக்கிறார்கள்

கன்னியாகுமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சிக் கடற்கரையை அறிந்தவர்களுக்கு இந்தத் தாது புதிதல்ல. அங்கே தாது மணல் என்று சொல்வதுதான் இங்கும் கிடைக்கிறது: இல்மனைட், ரூட்டைல், சிர்கான். முதல் இரண்டும் டைட்டானியத்தின் மூலம். வெள்ளைப் பெயின்ட், காகிதம், பிளாஸ்டிக் ஆகியவற்றுக்கு வெண்மை தரும் நிறமி இவற்றிலிருந்து வருகிறது. சிர்கான் தரை ஓடுகளுக்கும் பீங்கானுக்கும் வார்ப்பட ஆலைகளுக்கும் போகிறது.

ரிச்சர்ட்ஸ் பே மினரல்ஸ் நிறுவனம் 1976இல் தொடங்கப்பட்டு, ரிச்சர்ட்ஸ் பே துறைமுகத்துக்கு வடக்கே உள்ள குன்றுகளில் வேலை செய்துவருகிறது. அதன் முறையைத் தெரிந்துகொள்ளாமல் சண்டையின் சாரம் புரியாது. முதலில் குன்றின் மேலுள்ள காட்டை வெட்டி, மேல்மண்ணைத் தனியாக வாரி வைக்கிறார்கள். பிறகு குன்றுகளுக்கு நடுவே செயற்கையாக ஒரு நன்னீர்க் குளம். அதில் டிரெட்ஜர், அதாவது மணல் வாரும் இயந்திரம், மிதக்கும். அது குன்றின் முகத்தை அடியில் அறுக்க, மணல் சரிந்து குளத்தில் விழும். தண்ணீரோடு கலந்த அந்தக் குழம்பைப் பின்னால் மிதக்கும் செறிவு ஆலைக்குக் குழாய் வழியாக அனுப்புவார்கள். ஆலையில் அடுக்கடுக்காக ஸ்பைரல்கள், அதாவது சுருள் சரிவுகள். எடை கூடிய தாது உள்பக்கமாக ஒதுங்கும், லேசான மணல் வெளிப்பக்கம் ஓடும். மணலில் கனத் தாது ஏறத்தாழ 5 சதவீதம்தான். மீதி 95 சதவீத மணலையும் குளத்தின் பின்பக்கம் குவித்து, பழைய குன்றின் வடிவத்துக்குக் கிட்டத்தட்ட ஒத்துவரும்படி மறுபடி கட்டுவார்கள். குளம் இப்படியே முன்னால் தின்று பின்னால் துப்பிக்கொண்டு நகரும்.

எடுத்த தாது லாரியில் பிரிப்பு ஆலைக்குப் போகும். காந்தம் இல்மனைட்டை இழுத்துக்கொள்ளும். ரூட்டைல் மின்சாரம் கடத்தும், சிர்கான் கடத்தாது என்பதால் அவ்விரண்டையும் மின்னிலைப் பிரிப்பான் பிரித்துவிடும். இல்மனைட்டை மின் உலையில் ஆந்த்ரசைட் கரியோடு உருக்கினால் டைட்டானியக் கசடும் வார்ப்பிரும்பும் கிடைக்கும். வேலைவாய்ப்பில் பெரும்பங்கு இந்த ஆலையிலும் உலையிலும் இருக்கிறது, குன்றில் இல்லை. சண்டையில் இரு தரப்பும் வசதிக்கேற்ப மறந்துவிட்ட விஷயம் இது. புதிய குன்று கிடைத்தால் புதிதாக ஆயிரக்கணக்கில் வேலை வரும் என்பது மிகை. அதே நேரம், குன்றுகள் தீர்ந்தால் ஆலைக்குத் தீனி இருக்காது என்ற பயம் நிஜம்.

தோண்டிய இடத்தைச் சீரமைப்பதில் நிறுவனத்துக்கு நல்ல பெயர் உண்டு. மறுபடி கட்டிய குன்றின் மேல் எடுத்துவைத்த மேல்மண்ணைப் பரப்புவார்கள். காற்று மணலை வாரிப் போகாமல் வலைத்துணித் தடுப்புகளை வரிசையாக நடுவார்கள். சோளம், கம்பு, சணப்பு விதைகளைத் தூவுவார்கள். இவை ஓராண்டு நிழல் தந்து மடியும். அதற்குள் உள்ளூர் வேலமரக் கன்றுகள் எழும். அவை அடர்ந்து, பிறகு தாமாகவே கலைந்து, இடைவெளியில் காட்டு மரங்கள் நுழையும். பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு இந்தக் காட்டு மீட்பு, மீதி இரண்டு பங்குக்குச் சவுக்குத் தோப்பு. நம்மூர்க் கடற்கரைச் சவுக்கேதான், இங்கே கரி சுடுவதற்காக. பிரிட்டோரியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த மீட்புக் காடுகளைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து அளந்தார்கள். பறவை, மரவட்டை வகைகள், சாண வண்டு போன்றவை வயதேற வயதேறப் பழைய காட்டின் கூட்டத்தை நோக்கி நகர்கின்றன, மரங்களும் தரைச் செடிகளும் அதைவிட மெதுவாக.

ஆக, ‘தோண்டினால் பாலைவனம்தான் மிஞ்சும்’ என்ற வாதம் இங்கே எடுபடாது. சூழல் தரப்பில் அப்படிப் பேசியவர்கள் தங்கள் வழக்கைத் தாங்களே பலவீனப்படுத்தினார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

1989இல் தொடங்கியது

செயின்ட் லூசியாவின் கிழக்குக் கரையில் கிங்சா, டோஜான் என்ற இரண்டு குத்தகைப் பகுதிகளில் தாது தேடும் உரிமை எழுபதுகளிலேயே கொடுக்கப்பட்டிருந்தது. 1989இல் நிறுவனம் தோண்டும் உரிமை கேட்டது. பரப்பு சுமார் 1,400 ஹெக்டேர், காலம் சுமார் 17 ஆண்டு. ஏரி அமைப்பு 1986லேயே ராம்சர் என்ற உலக ஈரநிலப் பட்டியலில் ஏறியிருந்தது. எதிர்ப்பு எதிர்பாராத அளவில் கிளம்பியது. மூன்று லட்சம் கையெழுத்துகள் கொண்ட மனு போனது. அப்போது ஆட்சியில் இருந்தது நிறவெறி அரசு. நாட்டின் பெரும்பான்மைக்கு வாக்குரிமை இல்லாத காலம், மேல்முறையீட்டுக்கு வழியில்லாத சட்டம். அப்படியிருந்தும் அமைச்சரவை பின்வாங்கி, முதலில் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு செய்யச் சொன்னது. அப்போது அந்த மதிப்பீட்டைக் கட்டாயமாக்கும் விதிகளே கிடையாது, அவை 1997இல்தான் வந்தன.

மதிப்பீட்டைத் தென்னாப்பிரிக்காவின் அறிவியல், தொழில் ஆய்வு மன்றமான சி.எஸ்.ஐ.ஆர். நடத்தியது. இங்கே எடுத்த ஒரு வடிவமைப்பு முடிவுதான் பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் அடித்தளம். ‘சுரங்கத்தால் என்ன பாதிப்பு’ என்று மட்டும் கேட்டிருந்தால், பாதிப்பைக் குறைக்கும் வழிகளின் பட்டியலோடு அறிக்கை முடிந்திருக்கும். மாறாக, இரண்டு நிலப் பயன்பாடுகளை எதிரெதிரே நிறுத்தினார்கள். ஒன்று, சுரங்கமும் அதன் பின்னால் இயற்கைப் பாதுகாப்பும் சுற்றுலாவும். மற்றது, சுரங்கம் இல்லாமல் பாதுகாப்பும் சுற்றுலாவும் மட்டும். இரண்டுக்கும் ஒரே அளவுகோல்: நீர், தாவரம், வருமானம், வேலை, பண்பாடு. ‘சுரங்கம் வேண்டாம்’ என்பது வெறும் மறுப்பாக இல்லாமல், செலவும் வரவும் கொண்ட ஒரு திட்டமாக மேசைக்கு வந்தது.

1993 மார்ச்சில் வரைவு வெளியானது. பல பாதிப்புகளைக் கட்டுப்படுத்தலாம், கடும் நிபந்தனைகளோடு தோண்டுவது இயலாத காரியம் அல்ல என்பது அதன் தொனி. நிறுவனத்தின் கையில் வலுவான வாதம் ஒன்றும் இருந்தது: கிழக்குக் கரையின் பெரும்பகுதி ஏற்கெனவே கன்னிக் காடு அல்ல, ஐம்பதுகளிலிருந்து அரசு வனத்துறை நட்ட பைன் தோட்டம். பைனை வெட்டிவிட்டு, தோண்டி முடித்ததும் உள்ளூர்க் காட்டை வளர்த்துத் தருகிறோம் என்று ஒரு நிறுவனம் சொன்னால், அதை ஒரே வரியில் தள்ளிவிட முடியாது.

நீர்க் கேள்வி

இந்த வழக்கின் மிக நுட்பமான பகுதி நிலத்தடி நீர். குன்றுகள் மழையைக் குடித்து, உள்ளே நன்னீர் மேடாகத் தேக்கி, மெல்ல மெல்ல இரண்டு பக்கமும் கசியவிடுகின்றன: ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஏரி. சாதாரண ஆண்டில் ஏரிக்கு வரும் மொத்த நீரில் இந்தக் கசிவு சிறு பங்குதான். சராசரிக் கணக்கில் பார்த்தால் அற்பம். வறட்சியில் ஆறுகள் நின்று, கடல்வாய் மணலால் அடைபட்டு, ஏரி கடலைவிட உப்பாக மாறும்போது நிலைமை தலைகீழ். கிழக்குக் கரையோரம் கசியும் இந்த நன்னீரை நம்பித்தான் நாணலும் மீனும் தவளையும் நீர்யானையும் அந்த மாதங்களைக் கடத்துகின்றன.

தோண்டினால் இங்கே எது கெடும்? குளத்தின் நீர்மட்டம் சுற்றியுள்ள நிலத்தடி நீர்மட்டத்தைவிட உயரமாகவோ தாழ்வாகவோ இருந்தால் கசிவின் திசையும் அளவும் மாறும். அது தற்காலிகம், கண்காணித்து ஓரளவு சரிசெய்யலாம். அடுத்தது தற்காலிகம் அல்ல. பழைய குன்றில் பல்லாயிரம் ஆண்டுகளில் படிந்த அடுக்குகள் உண்டு. இறுகிய அடுக்கு, களி கலந்த அடுக்கு, தளர்ந்த மணல் என்று மாறிமாறி வரும். நீர் எங்கே தேங்கும், எந்த மட்டத்தில் வெளியே வரும் என்பதை அவைதான் தீர்மானிக்கின்றன. ஸ்பைரல் வழியாகப் போய்வந்த மணல் ஒரே சீரானது. மேலே காடு திரும்பலாம், உள்ளே அந்த அடுக்குகள் திரும்பா.

முடிவுக்குச் சில ஆண்டு கழித்து, 2002 வாக்கில் தொடங்கிய வறட்சி இதைப் பரீட்சித்துப் பார்த்தது. 2006 நடுவில் ஏரிப் படுகையின் பத்தில் ஒன்பது பங்கு வறண்டு கிடந்தது. மிஞ்சிய உயிர்களின் புகலிடம் கிழக்குக் கரைக் கசிவுகள். தோண்டியிருந்தால் அந்தக் கசிவு நின்றிருக்கும் என்று இதை வைத்து நிரூபிக்க முடியாது. பணயம் எவ்வளவு பெரியது என்பது மட்டும் தெரிந்தது. சராசரி ஆண்டுக் கணக்கை வைத்து ‘குறைந்த பாதிப்பு’ என்று எழுதும் எந்த நீர் அறிக்கையையும், மிக மோசமான ஆண்டுக் கணக்கைக் காட்டு என்று கேட்கப் பழக வேண்டும்.

குழு எடுத்த கேள்வி

வரைவு அறிக்கைக்குப் பின் நீதியரசர் லியோன் தலைமையில் ஒரு மறுஆய்வுக் குழு 1993 இறுதியில் பொது விசாரணை நடத்தியது. நிறுவனம், பூங்கா வாரியம், சூழல் அமைப்புகள், உள்ளூர்த் தரப்புகள் எல்லாம் பேசின. டிசம்பரில் குழு பரிந்துரைத்தது: தோண்ட வேண்டாம்.

குழு விஞ்ஞானிகளைப் பொய்யர்கள் என்று சொல்லவில்லை. சீரமைப்பு நடக்காது என்றும் சொல்லவில்லை. ஏரி, ஈரநிலம், குன்று, கடல் எல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்த இந்தத் தொகுதி நாட்டுக்கே ஒரு தனிச் சொத்து, இதற்கு மாற்று கிடையாது, இங்கே அந்த அளவு சிதைவை ஏற்பது தகாது என்றது. தொழில்நுட்பக் கேள்விக்குப் பதில் ‘ஓரளவு முடியும்’. மதிப்புக் கேள்விக்குப் பதில் ‘கூடாது’. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளும்போதுதான் பெரும்பாலான விசாரணைகள் வருடக்கணக்கில் இழுக்கின்றன. நிபுணர்களை வைத்து மதிப்புச் சண்டை போடுகிறார்கள், ஒவ்வொரு தரப்பும் தனக்கு வேண்டிய எண்ணைத் தரும் நிபுணரைப் பிடித்துக்கொள்கிறது.

1994இல் ஆட்சி மாறியது. புதிய அரசு பழைய அரசின் குழு சொன்னதை ஏற்கவேண்டிய கட்டாயம் இல்லை. வேலையில்லாத் திண்டாட்டம் கழுத்தை நெரித்த நேரம் வேறு. இருந்தும் 1996 மார்ச்சில் அமைச்சரவை சுரங்கத்தை நிராகரித்தது.

நிறுவனம் ஏன் இதை எதிர்த்து முட்டிமோதவில்லை? அதன் நிலைப்பாடு ‘கிங்சா, டோஜான் வேண்டும்’. அதன் உண்மையான தேவை, உலைக்குப் பல பத்தாண்டுகளுக்குத் தாது. ரிச்சர்ட்ஸ் பேக்கு அருகிலேயே அதனிடம் சுல்ட்டி வடக்கு, சுல்ட்டி தெற்கு என்ற வேறு குத்தகைகள் இருந்தன. செயின்ட் லூசியா கைவிட்டுப் போனபிறகும் ஆலை ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. எந்தச் சுரங்கச் சண்டையிலும் முதல் மாதத்திலேயே கேட்க வேண்டிய கேள்வி இது: இந்த இடம் கிடைக்காவிட்டால் உங்களுக்கு வேறு எங்கே இருப்பு உண்டு, அது எத்தனை ஆண்டு தாங்கும்? பதில் நிறுவனத்தின் ஆண்டறிக்கையிலேயே, முதலீட்டாளர்களுக்கு எழுதிய பக்கங்களில் கிடைக்கும். ஊர்க்கூட்டத்தில் சொல்லும் பதிலோடு ஒப்பிட்டுப் பார்த்தால் பாதிப் பேரம் அங்கேயே தெளிந்துவிடும்.

வெளியே நின்றவர்கள்

கிழக்குக் கரையில் பாங்காசி ஏரியைச் சுற்றி வாழ்ந்த குடும்பங்கள் ஐம்பதுகள் முதல் எழுபதுகள் வரை வனத்துக்காகவும் பாதுகாப்புக்காகவும் வெளியேற்றப்பட்டன. அவர்களுக்கு இந்தச் சண்டை விசித்திரமாகத் தெரிந்திருக்கும்: தங்கள் நிலத்தைப் பைன் மரத்துக்குக் கொடுத்தவர்களும், இப்போது டைட்டானியத்துக்குக் கேட்பவர்களும், நீர்யானைக்கு வைத்துக்கொள்ளச் சொல்பவர்களும் தங்களுக்குள் வாதாடுகிறார்கள். சுரங்கம் வந்தால் வேலை கிடைக்கும் என்று அவர்களில் பலர் எண்ணியதில் நியாயமில்லாமல் இல்லை. பூங்கா அவர்களுக்குக் கொடுத்தது வேலி.

நில உரிமைக் கோரிக்கை 1999இல் தீர்க்கப்பட்டது. குடும்பங்கள் குடியேறத் திரும்பவில்லை. இழப்பீட்டுப் பணம், பாங்காசி ஏரிக்கரையில் மூதாதையர் நினைவாக ஒரு பாரம்பரிய இடம், பூங்கா வருமானத்தில் பங்கு என்று முடிந்தது. அதே ஆண்டு டிசம்பரில் பூங்கா உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. ராபன் தீவு, ஸ்டெர்க்ஃபோன்டெய்ன் குகைகளோடு சேர்ந்து நாட்டின் முதல் மூன்றில் ஒன்று. 2007 முதல் அதன் பெயர் ஐசிமாங்கலிசோ.

கோரிக்கையைத் தீர்க்காமல் பட்டியலில் ஏற்றியிருந்தால், பூங்கா ஒரு காகிதப் பெருமையாகவே நின்றிருக்கும் என்பது எங்கள் கணிப்பு. தீர்த்தபிறகும் எல்லாம் சுமுகம் இல்லை. சுற்றுலா வேலைகள் பருவகாலத்தோடு ஏறி இறங்குகின்றன, கூலி குறைவு, பங்குத்தொகை யாருக்கு எவ்வளவு என்பதில் அதைப் பெறும் சமூக அறக்கட்டளைகளுக்குள்ளேயே சச்சரவு. சுரங்கப் பக்கத்திலும் அதே நோய். ரிச்சர்ட்ஸ் பே மினரல்ஸில் கறுப்பின முதலீட்டாளர்களுக்கும் சுற்றியுள்ள நான்கு பாரம்பரியச் சமூகங்களுக்கும் ஊழியர்களுக்குமாக 26 சதவீதப் பங்கு ஒதுக்கப்பட்டது. ஆனாலும் 2018க்குப் பின் மறியல், தீவைப்பு, வன்முறை. 2019 டிசம்பரில் சுல்ட்டி தெற்கு விரிவாக்கம் நிறுத்திவைக்கப்பட்டது, 2021 மே மாதம் நிறுவனத்தின் பொதுமேலாளர் சுட்டுக் கொல்லப்பட்டார், அடுத்த மாதம் ஆலையே சில வாரம் மூடப்பட்டது. பணம் சமூகத்தின் பேரில் போவதும் வீடுகளுக்குப் போய்ச் சேர்வதும் வேறுவேறு. தலைவர் வழியாக மட்டும் போகும் பணம் அந்தத் தலைவரின் எதிராளிகளையும் உருவாக்குகிறது.

முடிவு ஏன் நிலைத்தது

வேண்டாம் என்று சொன்ன இடத்தில் வேறொன்றை நிறுத்தினார்கள், அதனால். பைன் தோட்டங்களை வெட்டி அகற்றினார்கள், விலங்குகளைத் திரும்பக் கொண்டுவந்தார்கள், மொசாம்பிக், சுவாசிலாந்தோடு சேர்ந்த லுபோம்போ வளர்ச்சித் திட்டத்தில் சாலை போட்டார்கள், மலேரியாவைக் கட்டுப்படுத்தினார்கள். மலேரியா குறையாமல் சுற்றுலா வராது என்பதைக் கணக்கில் எடுத்த அந்தத் திட்டக்காரர்களைப் பாராட்டத்தான் வேண்டும். அதற்கு மேல் சட்டப் பூட்டு: 2003ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட பகுதிகள் சட்டத்தின் 48ஆம் பிரிவு உலகப் பாரம்பரிய இடங்களில் வணிகச் சுரங்கத்தைத் தடுக்கிறது. அடுத்த அமைச்சருக்கு மனம் மாறினாலும் கையெழுத்து மட்டும் போட்டுத் திறக்க முடியாது.

சுரங்கம் போனதால் ஏரியின் தொல்லைகள் போய்விடவில்லை. உம்ஃபோலோசி ஆற்றின் வண்டல் வந்து அடைக்கிறது என்று 1952இல் ஆற்றின் வாயை ஏரியிலிருந்து பிரித்துவிட்டார்கள். அந்த வண்டல் கூடியதற்குக் காரணம் வெள்ளச் சமவெளியைக் கால்வாய் வெட்டிக் கரும்பு வயலாக்கியது. ஆற்றை மறுபடி ஏரியோடு சேர விட்டபோது வயலில் தண்ணீர் நிற்கிறது என்று கரும்பு விவசாயிகள் நீதிமன்றம் போய் 2017இல் தோற்றார்கள். இது தனிக் கட்டுரைக்கு உரியது.

இன்று இதே சண்டை எந்தப் பாதையில் போகும்

1989இல் இல்லாத சட்டங்கள் இன்று இருக்கின்றன. சுற்றுச்சூழல் உரிமை தரும் அரசியலமைப்பின் 24ஆம் பிரிவு, 1998ஆம் ஆண்டின் தேசியச் சுற்றுச்சூழல் மேலாண்மைச் சட்டம், 2004இல் நடைமுறைக்கு வந்த கனிம வளச் சட்டம். 2014 டிசம்பர் 8 முதல், சுரங்கத்துக்கான சுற்றுச்சூழல் அனுமதியைக் கனிம வளத் துறையே கொடுக்கிறது, மேல்முறையீட்டை மட்டும் சுற்றுச்சூழல் அமைச்சர் கேட்கிறார். கோழிக் கூட்டுக்கு நரியைக் காவல் வைத்த ஏற்பாடு என்று பலர் குறைசொல்வதில் பொருள் உண்டு, மேல்முறையீடு வேறு கையில் இருப்பதுதான் ஆறுதல்.

நாள் கணக்குதான் இங்கே உயிர். விண்ணப்பத்தை ஏற்ற 14 நாளுக்குள் கனிம வளத் துறையின் வட்டார மேலாளர் அதை அறிவித்து, 30 நாளில் கருத்து கேட்க வேண்டும். பெரிய சுரங்கமானால், எதையெல்லாம் ஆராய வேண்டும் என்று சொல்லும் வரம்பு அறிக்கைக்கு 44 நாள், முழுத் தாக்க அறிக்கைக்கு 106 நாள், ஒவ்வொன்றிலும் பொதுமக்களுக்குக் குறைந்தது 30 நாள். சிறிய வேலைக்கு அடிப்படை மதிப்பீடு, 90 நாள். இடத்தில் 60 செ.மீ.க்கு 42 செ.மீ. அளவுக்குக் குறையாத அறிவிப்புப் பலகை நிற்க வேண்டும். பக்கத்து நிலக்காரர், குடியிருப்போர், வார்டு கவுன்சிலர், நகராட்சி எல்லோருக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும், உள்ளூர்ப் பத்திரிகையில் விளம்பரம் வேண்டும். அனுமதி கொடுத்தால் 20 நாளுக்குள் மேல்முறையீடு. இதைப் போட்டால் சுற்றுச்சூழல் அனுமதி தானாகவே நிறுத்திவைக்கப்படும். கனிம உரிமைக்கு எதிராகக் கனிம வளச் சட்டத்தின் 96ஆம் பிரிவில் போடும் முறையீட்டுக்கு 30 நாள், அது தானாக எதையும் நிறுத்தாது. இரண்டையும் ஒன்றென்று நினைத்து இரண்டாவதை மட்டும் போட்டுவிட்டுக் காத்திருந்தவர்கள், மண் அள்ளும் இயந்திரம் வந்தபிறகே விழித்துக்கொள்கிறார்கள்.

நிறுவனங்கள் வழக்கில் தோற்பது பெரும்பாலும் அறிவியலில் அல்ல, அறிவிப்பில். கிழக்கு கேப் மாகாணத்தின் வைல்ட் கோஸ்ட் கடலில் எண்ணெயும் எரிவாயுவும் தேட ஷெல் நிறுவனம் எடுத்த நில அதிர்வு ஆய்வு இதற்குப் பாடம். உரிமை 2014இல் கொடுக்கப்பட்டு 2017லும் 2021லும் புதுப்பிக்கப்பட்டது. 2021 டிசம்பர் 28இல் மக்காண்டா உயர்நீதிமன்றம் ஆய்வை இடைக்காலமாகத் தடுத்தது, 2022 செப்டம்பர் 1இல் உரிமையையே ரத்து செய்தது. ஐசிசோசா பேசும் மீனவக் கிராமங்களுக்கான அறிவிப்பு ஆங்கில, ஆஃப்ரிகான்ஸ் பத்திரிகைகளில் வந்திருந்தது. பேசியது அரசர்களோடும் தலைவர்களோடும், கடலில் வாழ்வோரோடு அல்ல. கடலோடு மக்களுக்குள்ள மத, பண்பாட்டு உறவையும், அவர்கள் உணவையும், காலநிலையையும் அமைச்சர் எண்ணிப் பார்க்கவில்லை என்றது நீதிமன்றம். 2024 ஜூனில் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் தவறுகளை ஒப்புக்கொண்டது, ஆனால் ரத்தை நிறுத்திவைத்து, அடுத்த புதுப்பித்தலின்போது மக்களிடம் மறுபடி கேட்க வழிவிட்டது. பத்தாண்டு முன்னால் வானொலியில் ஐசிசோசாவில் சில அறிவிப்புகளும் கடற்கரையில் சில கூட்டங்களும் நடத்தியிருந்தால் செலவு எவ்வளவு குறைந்திருக்கும் என்று அந்த நிறுவனத்தின் கணக்காளர்கள் யோசித்திருப்பார்கள்.

டொங்காட், வெருலம் வீடுகளுக்கு அருகில்

நம் ஆட்கள் அதிகம் வாழும் வடகரையில் தினசரி நடக்கும் சுரங்கம் டைட்டானியம் அல்ல, ஆற்று மணல். டொங்காட், உம்ட்லோட்டி, உம்வோட்டி ஆறுகளில் கட்டட வேலைக்கு அள்ளுகிறார்கள். மாரியம்மன் பூசைக்குக் கரகம் ஜோடிக்க ஆற்றங்கரைக்குப் போகிறவர்கள், கரை போன வருடம் இருந்த இடத்தில் இல்லை என்பதைத்தான் முதலில் கவனிப்பார்கள்.

படுகையில் ஆழமாக ஒரு குழி விழுந்தால் ஆறு அதை நிரப்பப் பார்க்கும். குழியின் மேல்முனை மேல்நோக்கி அரித்துக்கொண்டே போகும், அள்ளிய இடத்திலிருந்து வெகுதூரத்தில் கரை இடியும், பாலத்தின் அடித்தூண் வெளியே தெரியும். கீழ்ப்பக்கம் கடற்கரைக்குப் போக வேண்டிய மணல் போகாது, அலை கரையைத் தின்னும்.

இதற்குக் கொடுப்பது சுரங்க உரிமை அல்ல, சுரங்கப் பெர்மிட். 5 ஹெக்டேருக்கு மேல் கிடையாது, 2 ஆண்டு செல்லும், தலா ஓராண்டாக மூன்று முறை நீட்டிக்கலாம். பெரிய மதிப்பீட்டைத் தவிர்க்கப் பக்கத்துப் பக்கத்தில் வெவ்வேறு பெயர்களில் 5 ஹெக்டேர் பெர்மிட்டுகள் எடுப்பது பழைய உத்தி. இதைப் பிடிக்க, ஒரே ஆற்றில் 10 கி.மீ. நீளத்துக்குள் இருக்கும் எல்லா விண்ணப்பங்களையும் ஒரே வரைபடத்தில் போடுங்கள், இயக்குநர்கள் பெயரையும் லாரி உரிமையாளர் பெயரையும் ஒப்பிடுங்கள். கூட்டுத் தாக்கத்தைத் தனியாக மதிப்பிடக் கேட்டுக் கருத்துக் கடிதம் கொடுங்கள். ‘ஆறு கெட்டுவிடும்’ என்று எழுதிய கடிதத்துக்கு ‘கவனத்தில் கொள்ளப்பட்டது’ என்று ஒரு வரி பதில் வரும். ‘பாலத்துக்கு மேல்புறம் இத்தனை மீட்டரில் எவ்வளவு ஆழம் வரை அள்ளுவீர்கள், வெள்ளத்துக்குப் பிறகு படுகையை யார் எப்போது அளப்பார்கள்’ என்று கேட்டால் ஆலோசகர் எண் கொடுத்தே ஆக வேண்டும், அந்த எண் அனுமதியின் நிபந்தனையாகிவிடும். ஒவ்வொரு கருத்தும் பதிலும் அறிக்கையின் பின்னிணைப்பில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அதுவே மேல்முறையீட்டுக்கு முதல் காரணம்.

பெர்மிட்டோடு நின்றுவிடாதீர்கள். படுகையையும் கரையையும் மாற்றுவதற்கு 1998ஆம் ஆண்டின் தேசிய நீர்ச் சட்டம் 21ஆம் பிரிவின்படி நீர்ப் பயன்பாட்டு அனுமதி தனியாக வேண்டும். அதைக் கொடுப்பது நீர்வளத் துறை, கனிம வளத் துறை அல்ல. பெர்மிட், சுற்றுச்சூழல் அனுமதி, நீர் அனுமதி, சீரமைப்புக்கான நிதி உறுதி ஆகிய நான்கின் நகலையும் தகவல் உரிமைச் சட்டப்படி படிவம் 2இல் கேட்கலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். நான்கில் ஒன்று இல்லாவிட்டாலும் வேலையை நிறுத்தும்படி உரிய துறையிடம் எழுத்தில் கேளுங்கள். லாரி போகும் நேரம், எண், தேதியோடு கூடிய படங்களை அதனோடு இணையுங்கள்.